பாடுவது ஒரு நேரம், கேட்பது ஒரு நேரம்: இசைத் தயாரிப்பு மென்பொருள் கேள்வி–பதில்

பாடலைத் தாமே பதிவு செய்து, மிக்ஸ் செய்து (பதிவான ஒலிகளை அளவாகக் கலந்து) வெளியிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு: கோளாறு இருக்கும் இடம் ஒன்று, அது காதில் விழும் இடம் வேறொன்று. குரல் மைக்கில் நுழைந்து, ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி), அதன் டிரைவர் (கருவியைக் கணினியோடு பேச வைக்கும் நிரல்), மென்பொருள், ப்ளகின்கள் (மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை நிரல்கள்) ஆகியவற்றைக் கடந்து மறுபடியும் ஹெட்ஃபோனுக்கு வந்து சேர்கிறது. இந்தப் பாதையில் எந்தக் கட்டத்தில் பிழை என்று அறியாமல் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், ஒழுங்காக இருந்தவையும் கெட்டுவிடும். ஆகவே கீழே உள்ள பதில்களில் தீர்வோடு, பிழை இருக்கும் கட்டத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையையும் இயன்றவரை சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மைக்கில் பாடும்போது என் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்கிறது. பஃபர் சைஸைக் குறைத்தால் தாமதம் குறைகிறது. ஆனால் படபடவென்று வெடிப்புச் சத்தம் வருகிறது. கூட்டினால் வெடிப்பு நின்று, தாமதம் திரும்பிவிடுகிறது. இதற்குச் சரியான எண் எது?

பதில்: எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. பதிவு செய்யும்போது ஓர் எண், மிக்ஸ் செய்யும்போது ஓர் எண் என்று இரண்டு வைத்துக்கொள்வதே முறை. ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எடுக்கும் ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள்; நொடிக்கு எத்தனை என்பது சாம்பிள் ரேட். மென்பொருள் ஒலியைச் சாம்பிள் சாம்பிளாகக் கையாளுவதில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கை சேரும்வரை காத்திருந்து, மொத்தமாக எடுத்து வேலை செய்து, மொத்தமாக அனுப்புகிறது. அந்த எண்ணிக்கைதான் பஃபர் சைஸ். அதைச் சாம்பிள் ரேட்டால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் தெரிந்துவிடும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 என்று வைத்திருந்தால் ஏறத்தாழ 23 மில்லிவினாடி. ஒலி உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை என்று கூட்டினால் 46. இவ்வளவு தாமதத்தில் தாளம் தப்பாமல் பாடுவது தேர்ந்தவர்களுக்கே கடினம். 48 கிலோஹெர்ட்ஸில் 128 என்றால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிவினாடிதான் ஆகிறது. நல்ல டிரைவர் உள்ள இன்டர்ஃபேஸில், அது தன் பங்குக்குச் சேர்க்கும் சிறு தாமதத்தையும் கூட்டினால் பெரும்பாலும் 10-க்குள் அடங்கிவிடும். காற்றில் ஒலி ஒரு மில்லிவினாடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் செல்கிறது. ஆகவே 10 மில்லிவினாடி என்பது மூன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்பதற்குச் சமம். கீபோர்டு வாசிப்பவர்களில் பலர் அதைத் தாமதமாகவே உணர மாட்டார்கள். பாடுபவர்களின் நிலைமை வேறு. தம் குரல் எலும்பின் வழியாகவும் உடனே கேட்டுவிடுவதால், 5 மில்லிவினாடித் தாமதத்தில்கூடக் குரலின் நிறம் மாறி, குழாய்க்குள் பாடுவதுபோல் தோன்றலாம்.

விண்டோஸ் பயன்படுத்துபவர்கள் எண்ணை மாற்றுவதற்கு முன்பு டிரைவரைப் பார்க்க வேண்டும். மென்பொருளின் ஆடியோ அமைப்பில் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தரும் ஏஎஸ்ஐஓ டிரைவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா? ஸ்டெயின்பர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த இந்த முறை, விண்டோஸின் பொதுவான ஒலிப்பாதையைச் சுற்றிக்கொண்டு, மென்பொருளை நேரடியாகக் கருவியோடு பேச வைக்கிறது. தயாரிப்பாளரின் டிரைவர் இருக்கும்போது ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற பொது டிரைவரை நாட வேண்டியதில்லை; அது தனக்கென ஏஎஸ்ஐஓ இல்லாத கருவிகளுக்காக உள்ள மாற்று ஏற்பாடு. மேக் கணினியில் கோர் ஆடியோ அமைப்பிலேயே இந்த வசதி இருப்பதால் இந்தப் படி தேவைப்படாது.

டிரைவர் சரியாக இருந்தும் தாமதம் நீடித்தால், மாஸ்டர் டிராக்கில் (தனித்தனி டிராக்குகள் எல்லாம் சேர்ந்து வெளியேறும் இறுதி டிராக்) இருக்கும் ப்ளகின்களை எல்லாம் தற்காலிகமாக அணைத்துவிட்டுப் பாடிப் பாருங்கள். முன்கூட்டியே ஒலியைப் பார்த்துச் செயல்படும் லிமிட்டர்களும் (ஒலியின் உச்சங்கள் ஓர் அளவைத் தாண்டாமல் தடுப்பவை) லீனியர் ஃபேஸ் ஈக்வலைசர்களும் (அதிர்வெண் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பவற்றில் ஒரு வகை) ஒலியைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய முடியும். அவற்றில் சில, பஃபரைக் காட்டிலும் பல மடங்கு தாமதத்தைச் சேர்க்கும். பாடல் பாதி முடிந்தபின் மாஸ்டரிங் ப்ளகின்களைப் போட்டுவிட்டு, பிறகு குரலை மறுபடியும் பதிவு செய்ய உட்காரும்போது, ‘நேற்றுவரை நன்றாக இருந்ததே’ என்ற திகைப்பு ஏற்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இவை எதுவும் உதவாத பழைய கணினியாக இருந்தால், இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் பயன்படுத்துங்கள். மைக் ஒலி கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். பஃபர் 1024-ஆக இருந்தாலும் கவலையில்லை. அப்போது மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை அணைக்க மறக்கக் கூடாது. இரண்டும் திறந்திருந்தால் ஒரே குரல் இரண்டாகக் கேட்கும். அதை எதிரொலி என்று நினைத்து ரிவர்ப் ப்ளகினில் காரணம் தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

கேள்வி: பதிவு செய்த குரல் இடது காதில் மட்டும் கேட்கிறது. மைக் பழுதா?

பதில்: மைக்கில் பழுது இல்லை. நீங்கள் ஸ்டீரியோ டிராக்கில் பதிவு செய்திருக்கிறீர்கள். மைக் முதல் இன்புட்டில் இருப்பதால் இடப்பக்கம் மட்டும் நிறைந்து, வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. டிராக்கின் உள்ளீட்டை மோனோ என்றும், இன்புட் 1 என்றும் மாற்றுங்கள். ஏற்கெனவே பதிவானதை மறுபடியும் பாட வேண்டியதில்லை. அந்தக் கோப்பின் இடப்பக்கத்தை மட்டும் மோனோவாகப் பிரித்தெடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பாடலை ஓட்டும்போதே விட்டு விட்டு வெடிப்புச் சத்தம் வருகிறது. ஆனால் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் சிபியூ பயன்பாடு 30 சதவீதம்கூட இல்லை. கணினிக்குத்தான் இவ்வளவு சக்தி மிச்சம் இருக்கிறதே?

பதில்: டாஸ்க் மேனேஜர் காட்டுவது, எல்லா கோர்களுக்கும் சேர்த்து, ஒரு கால அளவில் எடுத்த சராசரி. இசை மென்பொருளுக்குச் சராசரியால் பயனில்லை. 256 சாம்பிள் பஃபர் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 5.3 மில்லிவினாடிக்கு ஒருமுறை வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு முறை தவறினாலும் காதில் வெடிப்பாக விழும். மேலும், ஒரு டிராக்கில் வரிசையாக இருக்கும் ப்ளகின்கள் ஒன்று முடிந்தபின் ஒன்று என்றுதான் இயங்க முடியும் என்பதால், பொதுவாக அந்த வரிசை முழுவதும் ஒரே கோரின் தலையில் விழுகிறது. எட்டு கோர்களில் ஒன்று மூச்சுத் திணறும்போது மற்ற ஏழும் சும்மா இருக்கக்கூடும். அதனால் மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் ஆடியோ பெர்ஃபார்மன்ஸ் மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

முதல் சோதனையாக, பஃபரை 1024-க்கு உயர்த்திப் பாருங்கள். வெடிப்பு நின்றால் சுமைதான் காரணம். மிக்ஸ் செய்யும்போது உயர்ந்த பஃபரால் எந்தக் கெடுதலும் இல்லை. எக்ஸ்போர்ட் ஆகும் பாடலின் தரத்தை அது பாதிக்காது. அதன்பிறகும் சுமை மிகுந்தால், கனமான சின்தசைசர் டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள். மென்பொருள் அந்த டிராக்கைத் தற்காலிகமாக ஆடியோ கோப்பாக்கி வைத்துக்கொண்டு, ப்ளகினுக்கு ஓய்வு கொடுத்துவிடும். வேண்டும்போது பழைய நிலைக்குத் திருப்பலாம். பத்து டிராக்கிலும் தனித்தனி ரிவர்ப் போட்டிருந்தால், அவற்றை நீக்கிவிட்டு, ஒரே ரிவர்பை சென்ட் டிராக்கில் வைத்து எல்லாவற்றையும் அதற்கு அனுப்புங்கள். சுமை குறைவதோடு, எல்லாக் கருவிகளும் ஒரே அறையில் ஒலிப்பதுபோன்ற இயல்பும் கிடைக்கும். கணினி எவ்வளவு புதியதாக இருந்தாலும் இந்தப் பழக்கம் நல்லது என்பது என் கருத்து.

பஃபரை உயர்த்தியும், வெறும் இரண்டு டிராக் மட்டுமே இருந்தும் வெடிப்பு நிற்கவில்லை என்றால், காரணம் மென்பொருளுக்கு வெளியே இருக்கிறது. வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். மடிக்கணினியை சார்ஜரில் இணைத்து, பவர் திட்டத்தை ஹை பெர்ஃபார்மன்ஸ் நிலைக்கு மாற்றி ஒருமுறை ஓட்டுங்கள். இன்டர்ஃபேஸை யுஎஸ்பி ஹப்பிலிருந்து கழற்றி, கணினியின் போர்ட்டிலேயே நேரடியாகச் செருகி ஒருமுறை ஓட்டுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டால் குற்றவாளி யார் என்று தெரியாமலேயே போய்விடும். எந்த டிரைவர் கணினியை நெடுநேரம் பிடித்து வைக்கிறது என்பதை விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி பெயரோடு காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: கேட்கும்போது தாமதம் இல்லை, டைரக்ட் மானிட்டரில்தான் பாடுகிறேன். ஆனால் பதிவான பிறகு ஓட்டிப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் குரல் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் விழுந்திருக்கிறது. கையால் இழுத்துச் சரி செய்துகொண்டிருக்கிறேன். நிரந்தரத் தீர்வு உண்டா?

பதில்: உண்டு. ‘ஒவ்வொரு முறையும்’ என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் முக்கியமான தடயம். பாடுவதில் பிழை என்றால் சில இடங்களில் முன்னும், சில இடங்களில் பின்னும் போயிருக்கும். எப்போதும் ஒரே அளவு பின்தங்குகிறது என்றால் அது கருவியின் தாமதம். மென்பொருள், பதிவான ஒலியை எவ்வளவு முன்னே நகர்த்தி வைக்க வேண்டும் என்பதை டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது; டிரைவர் தவறான எண்ணைச் சொன்னால் மென்பொருளும் தவறாகவே வைக்கும்.

உண்மையான எண்ணை நீங்களே அளந்துவிடலாம். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து அதன் இன்புட்டுக்கு ஒரு கேபிளை இணையுங்கள். ஒரு டிராக்கில் மெட்ரோனோம் ஒலியை ஆடியோ கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு டிராக்கில் அந்த இன்புட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் மானிட்டரிங்கை அணையுங்கள். டைரக்ட் மானிட்டர் பொத்தானும் அணைந்திருக்கட்டும். அணைக்காவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து பெரும் ஊளையாக மாறிவிடும். வால்யூமையும் தாழ்வாகவே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பதிவு செய்து, இரண்டு டிராக்குகளையும் மிக அருகில் பெரிதாக்கிப் பார்த்தால், மூல ஒலியின் முனைக்கும் பதிவான ஒலியின் முனைக்கும் இடையே ஓர் இடைவெளி தெரியும். கால அளவுகோலைச் சாம்பிள் கணக்குக்கு மாற்றி அதை எண்ணுங்கள். 412 சாம்பிள் என்று வந்தால், 48 கிலோஹெர்ட்ஸில் அது 8.6 மில்லிவினாடி.

இந்த எண்ணை மென்பொருளின் அமைப்பில் ஒருமுறை எழுதிவிட்டால் போதும். ஏபிள்டன் லைவில் இதன் பெயர் ‘டிரைவர் எரர் காம்பன்சேஷன்’. ரீப்பரில் பதிவு அமைப்புகளுக்குள் ‘மேனுவல் ஆஃப்செட்’. ஆடாசிட்டியில் ‘லேட்டன்சி காம்பன்சேஷன்’. கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது. எழுதிய பிறகு மறுபடியும் அதே சோதனையைச் செய்யுங்கள். இடைவெளி மறைந்திருந்தால் முடிந்தது, இரட்டிப்பாகியிருந்தால் குறியை மாற்றுங்கள். பஃபர் சைஸையோ சாம்பிள் ரேட்டையோ மாற்றும்போது மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: புளூடூத் ஹெட்செட்டை இணைத்தால் பாடல் முழுவதும் தொலைபேசியில் கேட்பதுபோல் மாறிவிடுகிறது. ஏன்?

பதில்: மென்பொருளின் இன்புட்டாகவும் அந்த ஹெட்செட்டின் மைக்கே தேர்வாகியிருக்கும். மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும், இத்தகைய ஹெட்செட்டுகள் உயர்தர இசைக்கான முறையிலிருந்து, பேச்சுக்கான தரம் குறைந்த முறைக்கு மாறிவிடுகின்றன. இன்புட்டை வேறு மைக்குக்கு மாற்றினால் தரம் திரும்பிவிடும். ஆனால் புளூடூத்தில் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிவினாடிக்கு மேல் இருக்கும். பஃபரைக் குறைப்பதால் அது தீராது. பதிவுக்கும், தாளத்தோடு சேர்த்து வாசிப்பதற்கும், வயர் உள்ள ஹெட்ஃபோனைத் தவிர வேறு வழியில்லை. முடிந்த பாடலைப் புளூடூத் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பது பயனுள்ள சோதனைதான், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: நண்பருக்கு அனுப்பிய பாடல் அவர் கணினியில் வேகமாகவும் கீச்சுக்குரலிலும் ஓடுகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கோப்பு நலமாக இருக்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவானதை அவருடைய மென்பொருளோ இன்டர்ஃபேஸோ 48 கிலோஹெர்ட்ஸ் என்று எண்ணி ஓட்டுகிறது. அப்படி ஓடினால் 4 நிமிடப் பாடல் 3 நிமிடம் 40 வினாடியில் முடிந்துவிடும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் உயரும். உங்கள் பாடலின் நீளத்தையும் அவரிடம் அது காட்டும் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்; இந்த விகிதம் பொருந்தினால் ஐயமே இல்லை. ப்ராஜெக்ட், இன்டர்ஃபேஸ், இயங்குதளத்தின் ஒலி அமைப்பு ஆகிய மூன்றிலும் ஒரே சாம்பிள் ரேட் இருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சுருதியைக் குறைக்கும் ப்ளகினைப் போட்டு இதைச் சரிசெய்ய முயல வேண்டாம். பிழை அப்படியே இருக்க, அதன்மேல் இன்னொரு மாற்றம் ஏறிக்கொள்ளும்.

கேள்வி: என் பாடலின் டிராக்குகளைத் தனித்தனி எம்பி3 கோப்புகளாக மிக்ஸிங் செய்பவருக்கு அனுப்பினேன். அவரிடம் எதுவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்கிறார்.

பதில்: இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கலாம். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் ஒரு சிறு வெற்றிடம் சேர்கிறது. அது வழக்கமாக ஆயிரம் சாம்பிளுக்கு மேல், அதாவது இருபத்தைந்து மில்லிவினாடி அளவுக்கு இருக்கும். சில மென்பொருள்கள் திறக்கும்போது அதை நீக்கிவிடும், சில நீக்காது. எல்லாமே எம்பி3 என்றால் எல்லாம் ஒரே அளவு தள்ளிப்போயிருக்கும். ஆனால் ஒன்றிரண்டு மட்டும் வேவ் கோப்புகளாக இருந்தால் அவை தனித்து நிற்கும். மேலும் எம்பி3 நிரந்தரமாகச் சில தகவல்களை இழந்த வடிவம்; அதன்மேல் ஈக்வலைசரும் கம்ப்ரஸரும் வேலை செய்யும்போது அந்த இழப்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும். இரண்டாவது காரணம், ஒவ்வொரு டிராக்கையும் ஒலி தொடங்கும் இடத்திலிருந்து வெட்டி எக்ஸ்போர்ட் செய்தது. வயலின் மூன்றாம் நிமிடத்தில்தான் வருகிறது என்றாலும், அதன் கோப்பு பாடலின் முதல் நொடியிலிருந்தே, வெறும் மௌனத்தோடு தொடங்க வேண்டும்.

ஆகவே எல்லா டிராக்குகளையும் ப்ராஜெக்டின் அதே சாம்பிள் ரேட்டில், 24-பிட் வேவ் கோப்புகளாக, ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பாடலின் டெம்போவையும் சுருதியையும் ஒரு குறிப்பில் எழுதி, நீங்கள் தோராயமாக மிக்ஸ் செய்த முழுப் பாடலின் ஒரு பிரதியையும் உடன் வையுங்கள்; எது எவ்வளவு முன்னால் ஒலிக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பது அதைக் கேட்டவுடன் அவருக்குப் புரிந்துவிடும். கோப்பின் பெயர் ‘ஆடியோ 7’ என்று இருக்க வேண்டாம். ‘இரண்டாம் குரல்’ என்று இருக்கட்டும். அளவைக் குறைத்து அனுப்ப வேண்டுமானால் ஃப்ளாக் வடிவம் ஏற்றது, அதில் இழப்பு எதுவும் இல்லை.

கேள்வி: புதிய ப்ளகினை நிறுவினேன், ‘வெற்றிகரமாக நிறுவப்பட்டது’ என்றும் வந்தது. ஆனால் மென்பொருளின் பட்டியலில் அது இல்லவே இல்லை.

பதில்: முதலில் வடிவம் பொருந்துகிறதா என்று பாருங்கள். லாஜிக் ப்ரோவும் கராஜ்பேண்டும் ஏயூ வடிவத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ப்ரோ டூல்ஸ் ஏஏஎக்ஸ் வடிவத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். மற்ற பெரும்பாலானவை விஎஸ்டி3 வடிவத்தை ஏற்கும். நிறுவும்போது எந்த வடிவங்கள் வேண்டும் என்று கேட்கும் திரையை அவசரத்தில் தாண்டிவிட்டால், உங்களுக்குத் தேவையான வடிவம் மட்டும் விடுபட்டிருக்கலாம். அடுத்து இடம். விண்டோஸில் விஎஸ்டி3 ப்ளகின்கள் ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே ‘காமன் ஃபைல்ஸ்’ உள்ளே ‘விஎஸ்டி3’ என்ற ஃபோல்டரில் இருக்க வேண்டும். பழைய விஎஸ்டி2 ப்ளகின்களுக்கு இப்படி ஒரே இடம் என்று கிடையாது, அவை இருக்கும் ஃபோல்டரை நீங்கள்தான் மென்பொருளுக்குக் காட்ட வேண்டும்.

இரண்டும் சரி என்றால், அந்த ப்ளகின் 32-பிட்டா என்று பாருங்கள். இன்றைய 64-பிட் மென்பொருள்களில் பல அதைத் திறக்காது. ரீப்பர் போன்ற சிலவே விண்டோஸில் இடையே ஒரு பாலம் அமைத்துத் திறக்கின்றன. 2020 இறுதியிலிருந்து வந்த ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது: இன்டெலுக்காக மட்டும் எழுதப்பட்ட ப்ளகினைக் காண, சில மென்பொருள்களை ரொசெட்டாவின் (இன்டெல் நிரல்களை இந்த மேக்குகளில் இயக்கும் ஆப்பிளின் வசதி) வழியாகத் திறக்க வேண்டியிருக்கும். கடைசியாக, முன்பு ஒருமுறை ஸ்கேன் செய்யும்போது அந்த ப்ளகின் முடங்கியிருந்தால், மென்பொருள் அதை விலக்கப்பட்டவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டு, மறுபடியும் எட்டிப் பார்க்காது. அந்தப் பட்டியலை அழித்துவிட்டு முழு ஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி: ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்திய பிறகு, பழைய ப்ராஜெக்டைத் திறந்தால் பாதி ஒலிகளைக் காணவில்லை என்கிறது. இன்னொரு ப்ராஜெக்ட் திறக்கும்போதே மென்பொருள் மூடிக்கொள்கிறது. மாதக்கணக்கான உழைப்பு போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. ப்ராஜெக்ட் கோப்பு என்பது பொதுவாக ஒலிகளைத் தன்னுள் வைத்திருப்பதில்லை. எந்தக் கோப்பை எங்கிருந்து எடுத்து எந்த இடத்தில் ஓட்ட வேண்டும் என்ற குறிப்புகளையே வைத்திருக்கிறது. நீங்கள் ஃபோல்டரின் பெயரை மாற்றியதும் அந்தக் குறிப்புகள் வெறும் முகவரிகளாக நின்றுவிட்டன. காணாமற்போன கோப்பைத் தேடும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. தேட வேண்டிய மேல் ஃபோல்டரைக் காட்டினால் பெயரை வைத்து அதுவே பொருத்திக்கொள்ளும். கிடைத்ததும், எல்லா ஒலிகளையும் ப்ராஜெக்டின் ஃபோல்டருக்குள்ளேயே நகலெடுத்துச் சேமித்துவிடுங்கள். ஏபிள்டன் லைவில் ‘கலெக்ட் ஆல் அண்ட் சேவ்’, எஃப்எல் ஸ்டூடியோவில் ‘ஸிப்ட் லூப் பேக்கேஜ்’, ரீப்பரில் சேமிக்கும் திரையிலேயே மீடியாவை நகலெடுக்கும் தேர்வு என்று இதற்கு வழி இருக்கிறது. ஒரு பாடல் முடிந்த அன்றே இதைச் செய்துவிடுவது பெரிய பாதுகாப்பு.

திறக்கும்போதே மூடிக்கொள்ளும் ப்ராஜெக்டைப் பொறுத்தவரை, கோப்பு கெட்டிருப்பதைவிட, அதில் இருக்கும் ஏதோ ஒரு ப்ளகின் முடங்குவதற்கே வாய்ப்பு அதிகம். ரீப்பரில் கோப்பைத் திறக்கும் திரையிலேயே எஃபெக்டுகளை அணைத்த நிலையில் திறக்கும் மீட்பு முறை உண்டு. அத்தகைய வசதி இல்லாத மென்பொருளில், அண்மையில் நிறுவிய அல்லது புதுப்பித்த ப்ளகினின் கோப்பைத் தற்காலிகமாக வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் பழைய பிரதிகளைத் தேடுங்கள்: லைவ் தன் ‘பேக்கப்’ ஃபோல்டரில் முன்பு சேமித்த 10 பிரதிகள் வரை வைத்திருக்கும், க்யூபேஸ் ‘பிஏகே’ என்ற பின்னொட்டோடு பிரதிகளை வைக்கும். நேற்றைய பிரதி கிடைத்தால்கூட இழப்பு ஒரு நாள் வேலையோடு நிற்கும். மூலக் கோப்பின்மேல் எதையும் சேமிக்காமல், நகல் ஒன்றை எடுத்துக்கொண்டே இந்த முயற்சிகள் எல்லாவற்றையும் செய்யுங்கள்.

கேள்வி: கீபோர்டில் கையை எடுத்த பிறகும் ஒரு ஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

பதில்: மிடி முறையில் (கீபோர்டில் வாசிப்பதைச் செய்திகளாக மென்பொருளுக்கு அனுப்பும் முறை) அழுத்தியதற்கு ஒரு செய்தி, விடுவித்ததற்கு இன்னொரு செய்தி. இரண்டாவது வந்து சேராவிட்டால் ஸ்வரம் நிற்காது. மென்பொருளில் ‘பேனிக்’ என்றோ ‘ஆல் நோட்ஸ் ஆஃப்’ என்றோ இருக்கும் கட்டளையை அழுத்துங்கள். அடிக்கடி நேர்ந்தால், சஸ்டெயின் பெடலைக் கழற்றிவிட்டு வாசித்துப் பாருங்கள். பெடலின் 64-ஆம் கண்ட்ரோலர் செய்தி பதிவாகி, அதன் விடுவிப்பு மட்டும் எடிட்டிங்கில் வெட்டுப்பட்டிருக்கவும் கூடும்.

கேள்வி: டிராக்கில் சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் ஒலியில் கரகரப்பு எதுவும் கேட்கவில்லை. கவலைப்பட வேண்டுமா? பதிவு செய்யும்போது அளவை எவ்வளவு வரை ஏற்றலாம்?

பதில்: சிவப்பு எங்கே எரிகிறது என்பதைப் பொறுத்தது. இன்றைய மென்பொருள்கள் உள்ளுக்குள் 32-பிட் ஃப்ளோட் (மிகப் பெரிய எண்களுக்கும் இடம் தரும் எண்முறை) அல்லது அதற்கு மேலான கணக்கில் இயங்குவதால், ஒரு டிராக் டிஜிட்டல் அளவின் உச்சமான 0 டெசிபலைத் தாண்டினாலும் பின்னால் மாஸ்டரில் குறைத்துக்கொண்டால் எதுவும் இழப்பதில்லை. மாஸ்டரில் சிவப்பு எரிய, அப்படியே 16 அல்லது 24-பிட் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தால் முனைகள் வெட்டுப்படும். எல்லாவற்றிலும் மோசமானது பதிவின்போது இன்டர்ஃபேஸில் எரியும் சிவப்பு. அங்கே வெட்டுப்பட்ட அலையை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. அருகில் பெரிதாக்கிப் பார்த்தால் அலையின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருக்கும்.

பதிவில் மிக உரத்த இடம் -12 முதல் -6 டெசிபலுக்குள் நிற்கும்படி இன்டர்ஃபேஸின் கெயினை வையுங்கள். ‘அளவு குறைந்தால் தரம் குறையும்’ என்பது 16-பிட் காலத்து அச்சம். 24-பிட்டின் கணக்கு வீச்சு 144 டெசிபல். 12 டெசிபலை விட்டுக்கொடுப்பதால் உங்கள் அறையின் மின்விசிறிச் சத்தத்தைவிடப் பெரிய இரைச்சல் எதுவும் சேர்ந்துவிடாது. பாடகர் ஒத்திகையில் பாடுவதைவிடப் பதிவின்போது உரக்கப் பாடுவார் என்பதையும் நினைவில் வைத்து இடம் விடுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஏற்றிய பிறகு என் பாடல் மற்றவர்களின் பாடல்களைவிடச் சத்தம் குறைவாகக் கேட்கிறது. லிமிட்டரை இன்னும் அழுத்த வேண்டுமா?

பதில்: அளந்து பார்க்கும்வரை வேண்டாம். ஸ்ட்ரீமிங் தளங்கள் பாடல்களின் சராசரி உரப்பை எல்யூஎஃப்எஸ் என்ற அலகில் கணக்கிட்டு, ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் வழக்கமாக -14 என்ற மட்டத்தை ஒட்டி இயங்குகின்றன. -8 எல்யூஎஃப்எஸ் அளவுக்கு அழுத்தி ஏற்றிய பாடலைத் தளம் 6 டெசிபல் குறைத்துவிடும். அழுத்தியதால் தாளக்கருவிகளின் துடிப்பு மங்கியது மட்டுமே மிச்சம். யூடியூபில் வேறொன்றும் உண்டு: உரத்த பாடலைக் குறைக்கும், மென்மையான பாடலை உயர்த்தாது. உங்கள் காணொளியின்மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறந்தால், ‘கன்டென்ட் லவுட்னஸ்’ என்று ஓர் எண் இருக்கும். அது -5 என்று காட்டினால், உங்கள் பாடல் தளத்தின் மட்டத்தைவிட 5 டெசிபல் தாழ்ந்திருக்கிறது, உயர்த்த இடம் இருக்கிறது என்று பொருள். கூட்டல் எண்ணாக இருந்தால் தளம் ஏற்கெனவே குறைத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் அழுத்துவது வீண்.

எண் தாழ்ந்திருந்தால், லிமிட்டரைத் தொடுவதற்கு முன்பு கீழ்ச்சுருதிப் பகுதியைப் பாருங்கள். உரப்பை அளக்கும் கணக்கு, காதைப் போலவே, மிகத் தாழ்ந்த அதிர்வெண்களுக்குக் குறைந்த மதிப்பே தருகிறது. ஆனால் லிமிட்டருக்கு வந்து முட்டுவது பெரும்பாலும் அவைதான். குரலிலும் கிட்டாரிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே தேவையற்று உறுமிக்கொண்டிருப்பதை ஹை பாஸ் ஃபில்டரால் நீக்கினாலே, கரகரப்பு இல்லாமல் இரண்டு மூன்று டெசிபல் உயர்த்த இடம் கிடைப்பதுண்டு. பேஸும் கிக் டிரம்மும் ஒரே நேரத்தில் விழும் இடங்களைத் தனியாகக் கேளுங்கள். முனைகள் அங்கேதான் எழும்.

-14 என்ற எண்ணையே இலக்காக வைத்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்கவில்லை. தாலாட்டு போன்ற பாடலுக்கு அது அதிகம். நடனப் பாடலுக்கு அது போதாது. பாடலுக்கு எந்த அளவு அழகோ அதில் நிறுத்துங்கள். ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்ச அளவு) மட்டும் -1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும்; தளம் கோப்பைச் சுருக்கும்போது முனைகள் சற்று எழும் என்பதால் அந்த இடைவெளி தேவை. உரப்பையும் ட்ரூ பீக்கையும் ஒரே திரையில் காட்டும் மீட்டர் உங்கள் மென்பொருளில் இல்லையென்றால், யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பே போதும். மாஸ்டர் டிராக்கின் கடைசியில் அதை வைத்து, பாடலை முதலிலிருந்து முடிவுவரை ஒருமுறை நிறுத்தாமல் ஓட்டுங்கள். நடுவிலிருந்து ஓட்டினால் சராசரி தவறாக வரும்.